இரண்டு சைக்கிள் அகலம்

ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, எங்கள் பொட்டலின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது.

சுண்ணாம்புத் தூள். முந்தின நாள் சாயங்காலம் அது அங்கே இல்லை. சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு லாரி தாராளமாகப் போகலாம். பனியில் நனைந்து மண்ணோடு ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஆடுகள் மிதித்துக் குளம்புத் தடம் பதித்திருந்தன.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த விஜயா சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினாள். கொஞ்ச தூரத்தில் ஒருவர் கூடையோடு குனிந்து இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, இன்னா இது?"

"ரோடு வருதும்மா. ரெட் ஹில்ஸ் பக்கமிருந்து வர்ற லாரிங்க எல்லாம் ஊர சுத்திகினு போவாம, நேரா கேட்டாண்ட போறதுக்கு."

"அப்ப சைக்கிளு?"

"அதுவும் அதுலயே போவட்டும். ரோடு தானே?"

விஜயா சைக்கிளில் திரும்ப ஏறவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் எங்கள் கம்பெனி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். நானும் இறங்கி, அவள் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். சூப்பர்வைசரிடம் இருவருமே திட்டு வாங்கினோம்.

ஒரு கோட்டைப் பார்த்து அவள் ஏன் அப்படி ஆனாள் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நிழல் விழும் பக்கம்

என் கணவருக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாகர்கோவில் பக்கமிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த கதையை இந்த வாரப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். பக்கத்து வீடு தஞ்சாவூர், எதிர் வீடு சிவகங்கை, மாடியில் வேலூர். எங்கள் மீன்குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதை அவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துச் சிரித்ததையும் எழுதினேன்.

எழுதாமல் விட்டது அந்த ரோடுகளைப் பற்றி.

சாயங்காலச் சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாசலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளம் போல் வரும். மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். ரோட்டின் மேற்கு ஓரத்தில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில், சாய்ந்த வெயிலை அந்த மரங்கள் வாங்கிக்கொண்டு ரோடு முழுக்க நிழலை விரித்திருக்கும். அத்தனை ஆண்களும் நிழலுக்குள்ளேயே வீடு வந்து சேர்வார்கள்.

அங்கே இருந்தவரை இதை நான் கவனித்ததே இல்லை. மரம் இருந்தால் நிழல் இருக்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் நட்டால் யாருக்கு எந்த நேரத்தில் நிழல் விழும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் என்பது, அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

பச்சைக் கட்டம்

எண்பதுகளின் நடுவில் மேனாம்பேட்டில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தோம். மரம் என்று ஒன்றும் கிடையாது. எல்லைக் கற்கள், கருவேல முள், மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. லே-அவுட் வரைபடத்தில் மட்டும் நடுவே ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. பூங்கா வருமாம்.

அந்தப் பச்சைக் கட்டம்தான் பொட்டல். 'பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம்' என்று ஒரு தகரப் பலகை. அதன் துருப்பிடித்த காலில் ஆடுகள் முதுகு தேய்க்கும். வேறு ஒரு பூங்கா அடையாளமும் இல்லை.

எஸ்டேட்டில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் படியில் தொங்குகிற ஆண்களைத் தாண்டி ஏற முடியாது. "சைக்கிள் ஓட்டிப் பழகேன்" என்றார் கணவர். முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதே கம்பெனியில் வேலை பார்த்த விஜயாவுக்கும் அதே வெட்கம். அவள் கொரட்டூர்க்காரி. கல்யாணமாகி எங்கள் பின் தெருவுக்கு வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். விடியும் முன், ஆள் நடமாட்டம் இல்லாதபோது, அந்தப் பொட்டலில் இருவரும் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டிப் பழகினோம். விழுந்தால் ஒருத்தி வாயை ஒருத்தி பொத்துவோம், சத்தம் வெளியே போகக் கூடாதென்று. சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

பழகிய பிறகு பெரிய ரோட்டில் போக ஆரம்பித்தோம்.

பெரிய ரோடு

அந்த ரோட்டில் சைக்கிள்காரர்களுக்கு இருந்தது தாரின் ஓரமும், அதற்குக் கீழே அரையடி இறங்கிய மண்ணும்தான். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டும். இறங்கினால் ஏற முடியாது. எஸ்டேட்டுக்குப் போகிற நூற்றுக்கணக்கான பேர் அப்படித்தான் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் பெண்கள் கொஞ்சம்தான்.

ஒரு ஐப்பசி மழை நாளில் விஜயா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தண்ணீர் லாரி எங்களை ஒட்டிக் கடந்தது. இடித்ததா, காற்றுதான் தள்ளியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சைக்கிளோடு மண்ணில் சரிந்து, அங்கிருந்து பள்ளத்துக்குள் விழுந்தாள். லாரி நிற்கவில்லை. அவள் கால் சக்கரத்துக்குள் மடங்கிக் கிடந்தது. டிபன் டப்பா திறந்து சோறெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அவள் வலியில் கத்தக்கூட இல்லை. "அக்கா, பின்னாடி இன்னொரு லாரி வருதா பாரு, வருதா பாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. பொங்கல் கழிந்துதான் வேலைக்கு வந்தாள். அதன்பின் பெரிய ரோட்டில் சைக்கிளை ஏற்றவே மாட்டேன் என்றாள். அப்போதுதான் பொட்டலுக்குள் புகுந்து, முள்ளுக்கு நடுவே சுற்றி, கேட்டுக்குப் போகிற வழியைக் கண்டுபிடித்தோம். எங்கள் சக்கரங்கள் உருண்டு உருண்டே அங்கே ஒரு தடம் விழுந்தது. பிறகு மற்றப் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், எஸ்டேட் ஆட்களும் அதில் வர ஆரம்பித்தார்கள்.

அந்தத் தடத்தின் மேல்தான் சுண்ணாம்புக் கோடு விழுந்திருந்தது. அவள் பயந்து விட்டுவந்த லாரி, அவளைத் தேடிக்கொண்டு பொட்டலுக்கே வரப் போகிறது.

வாசலில் ஒட்டிய தாள்

"கேட்டுத்தான் பாப்பமே" என்று அவளை இழுத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டு, ஒரு மத்தியானம் நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எங்கள் பகுதியைக் கவனித்தவர் கனகசபை. நாற்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. மேஜையில் சுருட்டி வைத்த வரைபடங்களுக்கு நடுவே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டப்பாவை மூடி வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு அறிவிப்பு ஒட்டினோமேம்மா. ஒருத்தரும் வரலையே" என்றார்.

"எங்க ஒட்டுனீங்க சார்?"

"ஆபீஸ் வாசல்ல."

"ஷிப்டுல நிக்கிறவ எப்ப சார் இங்க வந்து அத வாசிக்கது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கோபமாகக் கேட்டுவிட்டேனோ என்று விஜயா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நியாயம்தான்" என்றார். "இன்னும் முடிவாகலை. லாரிக்காரங்க கேட்டாங்க, அளந்து பாக்குறோம். அவங்க கேட்டதும் தப்பில்ல. ஊருக்குள்ள லாரி நின்னா எல்லாருக்கும் கஷ்டம்தான். நீங்களும் எழுதிக் கொடுங்க. கையெழுத்து எவ்வளவு சேருமோ சேத்துக் கொண்டு வாங்க."

கிளம்பும்போது கூப்பிட்டார். "நீங்க எத்தனை மணிக்கும்மா வேலைக்குப் போவீங்க? நான் வர்றேன்."

"ஸ்கூட்டர்ல வந்து பாத்தா ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் விஜயா. அங்கே அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

வாடகை சைக்கிள்

அவர் வருவார் என்று நாங்கள் நம்பவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு காலையில் எங்கள் தெரு முனையில் நின்றிருந்தார். சைக்கிள் கடையில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய சைக்கிள். பேண்ட்டின் வலது காலை மடித்துச் சாக்ஸுக்குள் செருகியிருந்தார்.

"காலேஜுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஓட்டுறேன்" என்றார். "முதல்ல பெரிய ரோடு. அப்புறம் உங்க வழி."

விஜயா பொட்டல் வழியாகப் போய் கேட்டில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் முன்னால் போனேன், அவர் என் பின்னால். ஷிப்டு நேரம். புகையும் தூசியும். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. பின்னால் ஒரு பெரிய ஹாரன், அதைத் தொடர்ந்து 'தொப்' என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால், கனகசபை சார் சைக்கிளோடு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் சாக்கடை. ஒரு கையில் கண்ணாடியை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ எழுந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. போங்க, நான் வர்றேன்" என்றார். ஏறி ஓட்டினார். கேட்டில் நின்றிருந்த விஜயா அவர் கோலத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ரொம்ப அடியா சார்?"

"அடியில்ல. பயம்" என்றார். அதை அவர் மறைக்கவில்லை.

நாங்கள் ஷிப்டுக்கு ஓடிவிட்டோம். அவர் தனியாகப் பொட்டல் தடத்தில் போய், முள் குத்தி டயர் பஞ்சராகி, வெயிலில் தள்ளிக்கொண்டு போனாராம். சைக்கிள் கடைக்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நலச் சங்கத் தலைவர் முனிரத்தினம்தான் முதலில் பேசினார். அவருக்குச் சொந்தமாக லாரிகள் ஓடின. குரல் அதிர்ந்தாலும் நல்ல மனிதர். தெருவில் யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"ஊருக்கு ஒரு ரோடு வருது. அத்தப் போயி வேணாம்னு கையெழுத்து வாங்கிகினு கீறாங்க. இன்னாம்மா இது? பூங்கா பூங்கான்றீங்க, இன்னா கீது அங்க? முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான் கீது. ரோடு வந்தாதான் ஊரு வளரும் நைனா."

கைதட்டினார்கள். நான் எழுந்து, வீட்டில் பழகி வைத்திருந்ததைப் பேசினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பின் பெஞ்சில் யாரோ, "பொம்பளைங்க பஸ்ல போவக் கூடாதா?" என்றார்கள். சிரிப்பு.

அப்போது விஜயா எழுந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலில் இருந்த தழும்பைக் காட்டினாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால்.

"நான் ரோடு வேணாம்னு சொல்லலண்ணா. உங்க லாரி போவணும், போவட்டும். எனுக்கும் போறதுக்கு ஒரு ரோடு வேணும்னுதான் சொல்றேன். எனுக்கு சம்பளம் கெடைக்கிற எடத்துக்கு நான் உசுரோட போயி உசுரோட ஊட்டுக்கு வரணும். அவ்ளோதான்."

சிரிப்பு நின்றது.

இதைக் கேட்டு எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கடைசியில் கூட்டத்தைத் திருப்பியது தண்ணீர். கனகசபை சார் எழுந்து, வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி, மழைக்காலத்தில் எங்கள் தெருக்களின் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார்.

"பொட்டலுக்குத்தான்" என்றார் ஒருவர்.

"அங்க நின்னு மண்ணுல இறங்குது. சித்திரையில உங்க கிணத்துல தண்ணி இருக்குன்னா, அதுக்கு அதுவும் ஒரு காரணம். அங்க மண்ணைக் கொட்டி உசத்தி தார் போட்டா, அந்தத் தண்ணி எங்க போகும்? யோசிங்க."

முன் வரிசையில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எங்களுக்குக் கையெழுத்துப் போடாதவர்களும் வாசலில் வைத்துப் போட்டார்கள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "காலுக்குப் போடாதவன் கிணத்துக்குப் போடுதான்" என்று என் காதில் சொன்னார். எதற்காகப் போட்டால் என்ன, போட்டார்களே என்று எனக்கு இருந்தது.

எவ்வளவு அகலம்?

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. லாரி ரோடு பொட்டலைச் சுற்றிக்கொண்டு, வெளி ஓரமாகப் போகும். பொட்டல் பூங்காவாகவே இருக்கும். அதன் நடுவே, கேட் வரைக்கும், சைக்கிளும் நடக்கிறவர்களும் மட்டும் போகிற பாதை.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஒரு மூலையைத் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊஞ்சல் வரும் என்றார்கள், வரவே இல்லை.

பாதைக்கு அளக்க வந்தபோது கனகசபை சார் எங்களையும் கூப்பிட்டிருந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, "எவ்வளவு அகலம் வேணும்?" என்று கேட்டார்.

ஒரு அரசாங்க ஆள் எங்களிடம் கேட்கிற கேள்வியா அது? விஜயா கூச்சத்தோடு, "ஒரு சைக்கிள் போனா போதும் சார்" என்றாள். "எதிர்ல வந்தா நாங்க ஒதுங்கிக்குவோம்" என்றேன் நான்.

"ஏன் ஒதுங்கணும்?" என்றார். "எதிர்ல வர்றதுக்குத் தனியா விடுறேன். அது போக, ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல போகணும். பேசிக்கிட்டுப் போக வேண்டாமா?"

டேப்பை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது.

பாதைக்குக் கிராவல் போதாமல் வேலை நின்றபோது, ஒரு நாள் முனிரத்தினத்தின் லாரி வந்து ஒரு லோடு கொட்டிவிட்டுப் போனது. ஏன் அனுப்பினார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேற்கு ஓரத்தில் புங்கனும் வேம்பும் நட்டோம். எந்தப் பக்கம் நடுவது என்று சொன்னது நான்தான். ஆவடியில் முகம் தெரியாத யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பாடம் அது. பாதியை ஆடு தின்றது. மீதிக்குப் பெண்கள் ஹேண்டில் பாரில் கேன் மாட்டி வந்து தண்ணீர் ஊற்றினோம். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே வெயில் தரையில் விழவே இடமில்லாமல் போனது.

அதைப் பார்க்க கனகசபை சார் வரவில்லை. பாதை முடிந்த கையோடு நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நாங்கள் அலுவலகத்துக்குப் போனபோது, தெற்கே எங்கோ மாற்றலாகிப் போயிருந்தார். அவர் மேஜையில் வேறொருவர் இருந்தார். பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். என்ன ஏது என்று புரியாமல் அவரும் வாங்கிக்கொண்டார். எங்கிருந்தாலும் கனகசபை சார் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரத்துப் பக்கம் அவருக்கு.

பாதை திறந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விழா எதுவும் இல்லை. தடுத்து வைத்திருந்த மூங்கிலை யாரோ எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஈரக் கிராவல் டயருக்கு அடியில் நறநறவென்றது. வழக்கம் போல விஜயா முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். நான் அவள் பக்கத்தில் வந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் ஒன்றாக வேலைக்குப் போயிருக்கிறோம். கம்பெனிக்குள் மெஷின் சத்தத்தில் சைகைதான். வழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், பின்னலும், கேரியரில் கட்டிய டப்பாவும். அன்றைக்குத்தான் ஓட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் மேல் வியர்வை. சிரித்தாள்.

"இன்னாக்கா, சும்மா வர்ற? எதுனா பேசு."

ஊரில் சின்ன வயதில் கடலோரப் பள்ளிக்கூடத்துக்குப் போன கதையை ஆரம்பித்தேன். ஒரு நாள் அலை வந்து செருப்பை இழுத்துக்கொண்டு போனது, அம்மாவுக்குப் பயந்து வீட்டுக்குப் போகாமல் நின்றது... பின்னால் மணிச்சத்தம். எங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் மணி. "யக்கா, கொஞ்சம் நவுருங்க!" என்று பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.

விஜயா சட்டென்று பின்வாங்கி வழிவிட்டாள். அந்தப் பெண் ரெட்டைப் பின்னல் பறக்க எங்களைக் கடந்து போனாள். விஜயா இரண்டு மிதி வேகமாக மிதித்து, மறுபடியும் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"உம்" என்றாள், "அப்பால இன்னா ஆச்சு?"